அந்த ‘ஃபேட்ஃபுல்’ மாலை: இந்தச் சொல் நல்லதா, கெட்டதா?

மழைச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். வரவேற்பில் நான் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ் தெரியாது. பேச்சை எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக நிற்கிறேன்.

இருவரும் சந்தித்த கதையைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். தங்கை வழக்கமாக ஏறும் ரயிலை அன்று ஒரு நிமிடத்தில் தவறவிட்டாள். அடுத்த ரயிலுக்கு 40 நிமிடம் இருந்தது. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போது பாதியில் பேனா மை தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கேட்காமலே தன் பேனாவை நீட்டினார். பச்சை மைப் பேனா. ரயில் வந்த அவசரத்தில் அவள் அதைக் கையில் பிடித்தபடியே ஏறிவிட்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அடுத்த நாலு நாளும் வேண்டுமென்றே அந்த இரண்டாவது ரயிலுக்கே போய்க் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் அவர் வந்தார். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் ‘இட் ஆல் பிகேன் ஆன் தட் ஃபேட்ஃபுல் ஈவ்னிங்’ என்று தொடங்கியிருந்தேன். ‘விதி அவர்களைச் சேர்த்து வைத்த அந்த மாலை’ என்பதுதான் என் மனதில் இருந்த பொருள். அலுவலகத் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரியிலேயே அவள் முகம் மாறிவிட்டது. “அன்றைக்கு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அகராதிகளைப் பார்த்தேன். ஒன்றில் ‘பிற்பாடு பெரிய விளைவை, பெரும்பாலும் தீய விளைவை உண்டாக்கிய’ என்று இருக்கிறது. இன்னொன்றில் ‘விதியால் தீர்மானிக்கப்பட்ட’. தமிழ் அகராதியில் ‘ஊழ்வினை சார்ந்த, முக்கியமான, நாசகரமான’ என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். முக்கியமானது எப்படி நாசகரமானதாகவும் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

‘ஃபேட்டல்’, ‘ஃபேட்டட்’, ‘இல்-ஃபேட்டட்’ எல்லாம் வேறு இருக்கின்றன. எது எங்கே வரும்? என் வரியில் ‘ஃபேட்ஃபுல்’ இருக்கலாமா? எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஏதோ ஒரு கனம் அதில் இருக்கிறது. ஆனால் தங்கையின் கல்யாணத்தில் தெரியாமல்கூட ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.


கடைசிப்பெஞ்ச்:

எடுத்துவிடுங்கள். செய்திகளில் ‘தட் ஃபேட்ஃபுல் டே’ என்று வந்தாலே அடுத்த வரியில் விபத்தோ வெள்ளமோ வரும். ‘டெஸ்டின்ட்’ போடுங்கள். ‘தே வேர் டெஸ்டின்ட் டு மீட்’. வேலை முடிந்தது.


மெய்ப்பு பார்த்தவன்:

மழைச்சாரல் அம்மா, நான் 31 வருடம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன். தமிழும் பார்த்தேன், ஆங்கிலமும் பார்த்தேன். நீங்கள் கேட்டிருக்கும் இந்தச் சொல்லால் எனக்கு ஒரு காயம் உண்டு. அதை முதலில் சொல்கிறேன், மற்றது அதிலேயே பாதி விளங்கிவிடும்.

ஒரு நிறுவனத்தின் பொன்விழா மலர் எங்களிடம் அச்சுக்கு வந்தது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். ஒரு மழை நாளில் ஒரே கூரைக்கு அடியில் ஒதுங்கியபோது அறிமுகமானவர்கள். கட்டுரை எழுதியவர் அதை ‘ஃபேட்ஃபுல் மீட்டிங்’ என்று சரியாகவே எழுதியிருந்தார். அச்சுக் கோத்தபோது அது ‘ஃபேட்டல் மீட்டிங்’ ஆகிவிட்டது. எழுத்துப்பிழை இல்லை, அகராதியில் இருக்கும் சொல்தான், என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. பைண்டிங் முடிந்து மலர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டு பேரில் உயிரோடு இருந்தவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். கோபமே இல்லை. “தம்பி, என்னைச் சந்தித்ததால்தான் அவன் செத்தான் என்று போட்டிருக்கிறீர்களே” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிட்டு ஒவ்வொரு பிரதியிலும் மாற்றினோம். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘ஃபேட்டல்’ என்றால் உயிரைப் போக்கியது, அல்லது ஒன்றை அடியோடு முடித்துவைத்தது. ஃபேட்டல் காயம், ஃபேட்டல் விபத்து. கணினி ‘ஃபேட்டல் எரர்’ என்று காட்டினால் அந்த நிரல் அதற்கு மேல் ஓடாது என்று பொருள். ‘ஃபேட்ஃபுல்’ அப்படியில்லை. அது எதையும் முடிப்பதில்லை, ஒன்றைத் தொடங்கி வைக்கிறது. அந்தத் தொடக்கம் நடக்கும்போது சிறியதாக இருக்கும். அது எவ்வளவு பெரியது என்று பின்னால்தான் தெரியும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 1914 ஜூன் 28, போஸ்னியாவின் சரயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் மீது காலையில் ஒரு குண்டு வீசினார்கள், தப்பிவிட்டார். காயம்பட்டவர்களை மருத்துவமனையில் பார்க்கப் போகலாம் என்று முடிவானது. ஆற்றோரச் சாலையிலேயே நேராகப் போக வேண்டும் என்று வழியை மாற்றினார்கள், ஆனால் ஓட்டுநருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்துக்கு எதிரே வலப்பக்கம் திருப்பினார். தப்பு என்று கத்தியதும் வண்டியை நிறுத்தினார். நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்தில், இளவரசரைக் கொல்ல வந்தவர்களில் ஒருவரான காவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நின்றிருந்தார். இரண்டு முறை சுட்டார். இளவரசரும் அவர் மனைவி சோஃபியும் இறந்தார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 28 அன்று, ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது. அது முதல் உலகப் போராக விரிந்தது.

இங்கே துப்பாக்கிக் குண்டுகள் ஃபேட்டல். வண்டி திரும்பியது ஃபேட்ஃபுல். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் உடனே உடைந்துவிடும். வலப்பக்கம் திரும்புவதில் யாரும் சாவதில்லை. தினமும் எத்தனையோ வண்டிகள் திரும்புகின்றன. அந்த ஓட்டுநருக்கும் அந்த நொடியில் அது வெறும் திருப்பம்தான்.

அதனால் ‘ஃபேட்ஃபுல்’ என்று சொல்ல, திரும்பிப் பார்க்கிற ஒருவர் வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்றை அப்படிச் சொல்வது அரிது. ‘நாளை ஃபேட்ஃபுல் நாள்’ என்று தேர்தலுக்கு முந்தைய நாள் எழுதுவார்கள், அதுகூட விளைவு பெரிதாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்ட இடங்களில்தான். நான் பழகுநர்களுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுப்பேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘அப்போது யாருக்கும் தெரியாது’ என்று போடு. வாக்கியம் நின்றால் ‘ஃபேட்ஃபுல்’. ‘அதோடு முடிந்தது’ என்று போட்டால் நிற்கிறதா, ‘ஃபேட்டல்’. ‘ஏற்கெனவே எழுதி வைத்தபடி’ என்று போட்டால் நிற்கிறதா, ‘ஃபேட்டட்’.

இந்த மூன்றாவதில்தான் நீங்கள் சறுக்கியிருக்கிறீர்கள். ‘விதி சேர்த்து வைத்த’ என்பது ‘ஃபேட்டட்’டின் பொருள். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வினை வரும்: ‘தே வேர் ஃபேட்டட் டு மீட்’. ‘ஃபேட்ஃபுல்’ அநேகமாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும்: ஃபேட்ஃபுல் நாள், இரவு, முடிவு, சந்திப்பு, கையெழுத்து. ‘அந்த முடிவு ஃபேட்ஃபுல்லாக அமைந்தது’ என்று பின்னால் வைத்தும் எழுதலாம், ஆனால் குறைவு. இன்னொரு முக்கியமான வேறுபாடு, விதியில் துளியும் நம்பிக்கை இல்லாதவர்கூட ‘ஃபேட்ஃபுல்’ என்று தாராளமாக எழுதலாம். பெயரில் விதி இருந்தாலும் அது இன்று பேசுவது விளைவைப் பற்றி.

‘இல்-ஃபேட்டட்’ எளிது. எடுத்த காரியம் கைகூடாமல் போனது. உயிர் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அப்போலோ 13 விண்கலத்தை அப்படிச் சொல்வார்கள். 1970 ஏப்ரல் 13 அன்று ஆக்சிஜன் தொட்டி வெடித்து, நிலவில் இறங்கும் திட்டமே கைவிடப்பட்டது. ஆனால் மூன்று பேரும் ஏப்ரல் 17 அன்று உயிரோடு திரும்பிவிட்டார்கள். ஆகவே இல்-ஃபேட்டட், ஆனால் ஃபேட்டல் அல்ல. டைட்டானிக்குக்கு இரண்டும் பொருந்தும்.

இப்போது உங்கள் தோழிக்கு ஏன் முகம் மாறியது என்பது. அவர் சொன்னது தவறில்லை. இந்தச் சொல்லுக்கு நிழல் உண்டு. பொருளில் நல்லதும் கெட்டதும் இரண்டும் அடங்கும், ஆனால் பழக்கத்தில் கெட்ட செய்திகளோடுதான் அதிகம் நடமாடியிருக்கிறது. ‘தட் ஃபேட்ஃபுல் ஈவ்னிங்’ என்று நீங்கள் நிறுத்தும் அந்த அரை நொடியில் கேட்பவர் மனம் இருட்டுப் பக்கம் போய்விடும். அடுத்த வரியில் நீங்கள் பேனாவைக் கொண்டுவருவீர்கள், நிழல் விலகும். ஆனால் அந்த அரை நொடி இருந்தது இருந்ததுதான்.

கடைசிப்பெஞ்ச் தம்பி சொன்ன ‘டெஸ்டின்ட்’ பாதுகாப்பானது. ஆனால் அது வேறு விஷயத்தைச் சொல்கிறது, ‘ஃபேட்டட்’ போல முன்பே தீர்மானிக்கப்பட்டதை.


நூல்பிடித்து:

கெட்ட விளைவுக்குத்தான் என்று விட்டுவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். அதை ஃபேட்ஃபுல் பயணம் என்றால் தவறா? அதிலிருந்து 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது. அமெரிக்காவின் மனசாட்சியை உலுக்கிய ஒன்று. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்கு வந்து, மேசையில் விட்டுப்போன தட்டு ஒன்றில் பூஞ்சை பிடித்திருப்பதையும் அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியா இல்லாததையும் பார்த்தாரே, பெனிசிலினின் தொடக்கம், அதுவும்தான்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1989 நவம்பர் 9. கிழக்கு பெர்லினில் பத்திரிகையாளர் கூட்டம். ஷபோவ்ஸ்கி என்ற கட்சிப் பேச்சாளர் கையில் ஒரு காகிதம், புதிய பயண விதிகள். அது மறுநாளிலிருந்துதான் நடைமுறைக்கு வர இருந்தது, அவருக்கு அது சரியாகச் சொல்லப்படவில்லை. எப்போதிலிருந்து என்று ஒருவர் கேட்கிறார். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமில்லாமல் என்கிறார். அன்று இரவே ஜனங்கள் நகரை இரண்டாகப் பிரித்திருந்த பெர்லின் சுவரை நோக்கி நடந்துவிட்டார்கள், வாயில்கள் திறந்தன. ஒரு தடுமாற்றமான பதில்! ஃபேட்ஃபுல் வார்த்தைகள் என்றால் இவைதான். இதில் கண்ணீர் உண்டு, ஆனால் ஆனந்தக் கண்ணீர்.

மழைச்சாரல் அக்கா, தைரியமாகப் பேசுங்கள்.


சொல்தேடி:

வேர் பக்கம் கொஞ்சம் போகலாம் என்றால், இந்த நிழல் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

லத்தீனில் ‘ஃபாரி’ என்றால் பேசுவது. ‘ஃபாட்டும்’ என்றால் பேசப்பட்டது, சொல்லி முடிக்கப்பட்டது. தெய்வம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதுதான் விதி. அதிலிருந்து ‘ஃபேட்’. அதே வேரில் ‘ஃபேம்’ (ஊர் பேசுவது), ‘ஃபேபிள்’ (சொல்லப்பட்ட கதை), ‘இன்ஃபன்ட்’ (இன்னும் பேச்சு வராத குழந்தை) எல்லாம் இருக்கின்றன. விதி தேவதைகளின் பெயர் பிரெஞ்சு வழியாகத் திரிந்துதான் ‘ஃபேரி’ ஆனது என்று படித்தபோது நான் அன்றைக்கு வேறு எதையும் படிக்கவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லத்தீன்காரருக்கு விதி பேசப்பட்டது, நமக்கு எழுதப்பட்டது. தலையெழுத்து. பேச்சும் எழுத்தும் வேறு, ஆனால் இரண்டிலும் நமக்கு முன்னாலேயே ஒருவர் முடித்துவிட்டுப் போய்விட்டார். ‘விதி’ என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. இலக்கண விதி, போக்குவரத்து விதி, தலைவிதி மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல்தான்.

‘ஃபேட்டல்’ முதலில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கும் ‘விதியால் வகுக்கப்பட்ட’ என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் முன்னுரைப் பாடலில், பகை கொண்ட இரு குடும்பங்களைச் சொல்லும்போது ‘ஃபேட்டல்’ வருகிறது. அங்கே விதியும் இருக்கிறது, சாவும் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில்தான் ‘ஸ்டார்-கிராஸ்ட்’ காதலர்கள், அதாவது நட்சத்திரம் குறுக்கே நின்றவர்கள். நாளாக ஆக ‘ஃபேட்டல்’ சாவின் பக்கமே சாய்ந்துவிட்டது. ‘ஃபேட்ஃபுல்’ பிந்தி வந்த சொல், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது அதற்கு ‘வருவதை முன்னறிவிக்கிற’ என்று பொருள் இருந்தது. பெரிய விளைவை உண்டாக்கிய என்ற இன்றைய பொருள் அதற்குப் பிறகு சேர்ந்தது. ஆகவே அகராதிகள் உங்களைக் குழப்பவில்லை அக்கா, ஒரு சொல்லின் முந்நூறு வருடத்தை ஒரே வரியில் அடைத்திருக்கிறார்கள்.

ஊழைப் பற்றிய சொற்கள் எந்த மொழியிலும் இருட்டுப் பக்கம் சாய்வதை நான் பார்த்திருக்கிறேன். ‘டூம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வெறும் தீர்ப்பு. 1086-இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏட்டின் பெயரில் இருப்பது அந்தப் பொருள்தான். இன்று ‘டூம்ட்’ என்றால் தொலைந்தது என்று அர்த்தம். ‘வியர்ட்’ இன்னும் ஆச்சரியம். பழைய ஆங்கிலத்தில் ‘வியர்ட்’ என்றாலே விதி. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் வரும் மூன்று வியர்ட் சகோதரிகள் விசித்திரமானவர்கள் என்பதற்காக அந்தப் பெயர் பெறவில்லை, விதியைச் சொல்பவர்கள் என்பதால் பெற்றார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சொல்லுக்கு ‘விநோதமான’ என்ற பொருளே வந்தது.

தமிழிலும் இதே கதைதான். ‘என் தலையெழுத்து’ என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘விதியே என்று’ என்பதும் அப்படியே. நல்லது நடந்தால் நாம் விதியைக் கூப்பிடுவதில்லை.

ஆனால் வள்ளுவர் கூப்பிட்டிருக்கிறார். ஊழ் அதிகாரத்தின் முதல் குறளிலேயே ‘ஆகூழ்’, ‘போகூழ்’ என்று இரண்டாகப் பிரிக்கிறார். பொருள் சேர்வதற்குக் காரணமான ஊழ் ஆகூழ், அது கைவிட்டுப் போவதற்குக் காரணமானது போகூழ். ஊழ் என்ற சொல்லை நடுவில் நிறுத்தி, நல்லதா கெட்டதா என்பதை முன்னால் ஒட்டும் சொல்லிடம் விட்டுவிடுகிறார். ‘ஃபேட்ஃபுல்’லுக்கு இப்படி இரண்டு முன்னொட்டு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.


மழைச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, அந்தப் பொன்விழா மலர் கதையை நான் இரண்டு முறை படித்தேன். ‘அப்போது யாருக்கும் தெரியாது’ என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா, நான் தேடிக்கொண்டிருந்த கனம் அதுதான். விதி இல்லை. அந்த நாற்பது நிமிடம் அவளுக்கு வெறும் எரிச்சலாக இருந்தது, அதுதான் எனக்குச் சொல்ல வேண்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு “இன்றைக்கு நாளே சரியில்லை” என்று என்னிடம்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு சிக்கல். எங்கள் பாட்டிக்கு ஆங்கிலம் வராது. முன்வரிசையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் ஒவ்வொரு பத்தியையும் தமிழிலும் இரண்டு வரி சொல்லப்போகிறேன். ‘ஃபேட்ஃபுல் மாலை’யைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘விதிவசமான மாலை’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் வரவே இல்லை.


மெய்ப்பு பார்த்தவன்:

வராது அம்மா. ‘விதிவசமாக’ என்றால் தமிழில் கேட்பவர் தலையில் கை வைத்துக்கொள்வார். மொழிபெயர்ப்புகளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

கெட்ட விளைவு என்றால் தமிழில் அருமையான வழக்கு இருக்கிறது. ‘அந்தக் கையெழுத்தே வினையாக முடிந்தது.’ ‘ஃபேட்ஃபுல் முடிவு’ என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. வினை என்பதில் செயலும் இருக்கிறது, அதன் பலனும் இருக்கிறது. போர் வரலாறு, விபத்து, குடும்ப வழக்கு எதற்கும் இது பொருந்தும். நல்ல விளைவுக்கு இதைச் சொல்ல முடியாது, சொன்னால் பாட்டி எழுந்து போய்விடுவார்.

பத்திரிகைக்காரர்கள் ‘திருப்புமுனை’ போடுவார்கள். அது பொதுவானது, தேய்ந்தும் போய்விட்டது. அரசியல் கட்டுரைக்குச் சரி, பேனா கொடுத்த கதைக்கு வேண்டாம். சொல்தேடி சொன்ன ஆகூழ் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் பாட்டி காதுக்கு அது பழக்கமில்லாமல் இருக்கலாம். பாட்டி சொல்லக்கூடியது ‘இன்னாருக்கு இன்னார் என்று எழுதியிருக்கிறது’ என்பது. அதில் நிழல் இல்லை, கல்யாணப் பேச்சில் மட்டும் நாம் விதியை மகிழ்ச்சியோடு கூப்பிடுகிறோம். ஆனால் கவனியுங்கள், அது ‘ஃபேட்டட்’டின் தமிழ். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

‘ஃபேட்ஃபுல்’லுக்கு நல்ல பொருளில் தமிழில் ஒரு தனிச்சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘நாளே சரியில்லை என்று அன்று சொன்னாள்’ என்று நீங்கள் மேலே எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொன்னால் போதும். கேட்பவர் எல்லோருக்கும் முடிவு தெரியும். மணமேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் அன்று என்ன சொன்னாள் என்பதும் இன்று என்ன நடக்கிறது என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பொருள் தானாக வந்துவிடும்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை விட மனமில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். மாலையிலிருந்து எடுத்துப் பேனாவில் ஒட்டுங்கள். நாள், இரவு, பயணம் என்ற பெரிய சொற்களோடு சேரும்போதுதான் இதன் நிழல் நீளமாக விழுகிறது. அந்தச் சேர்க்கையில்தான் அத்தனை கெட்ட செய்தியும் வந்திருக்கிறது. ஒரு சின்னப் பொருளோடு சேர்த்தால் அதே கனம் பாசமாக மாறிவிடும். பச்சை மைப் பேனாவைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அதையும் கதையின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். பேனா கொடுத்தது, அவள் கொண்டுபோனது, நாலு நாள் காத்திருந்தது எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ‘தட் ஃபேட்ஃபுல் பென்’. முன்னால் வைத்தால் எச்சரிக்கை, பின்னால் வைத்தால் நன்றி.


கடைசிப்பெஞ்ச்:

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பேனாதான் சரி. ஒன்று மட்டும், ‘டெஸ்டின்ட்’ என்பதும் ‘டெஸ்டினேஷன்’ என்பதும் ஒரே குடும்பம்தானே? ரயில் கதை என்பதால் கேட்டேன்.


சொல்தேடி:

ஆமாம், ஒரே வேர். லத்தீனில் உறுதியாக நிலைநிறுத்துவது என்று பொருள். அதனால்தான் ஒரு கடிதத்தையோ சரக்கையோகூட ‘டெஸ்டின்ட் ஃபார்’ இன்ன ஊர் என்று சொல்ல முடிகிறது. போய்ச் சேருமிடம் முன்பே தெரியும். ‘ஃபேட்ஃபுல்’ ரயிலுக்குத்தான் அது தெரியாது.


மழைச்சாரல்:

நேற்று இரவு முழுப் பேச்சையும் மாற்றி எழுதிவிட்டேன். தொடக்கத்தில் ‘ஃபேட்ஃபுல்’ இல்லை. ‘என் தங்கை ஒரு ரயிலைத் தவறவிட்டாள், வீட்டுக்கு வந்து நாளே சரியில்லை என்றாள்’ என்றுதான் இரண்டு மொழியிலும் ஆரம்பிக்கிறது. பேனா கடைசிக்கு முந்தைய பத்தியில் வருகிறது, ஐயா சொன்னபடி. மை தீர்ந்து பல மாதம் ஆகிவிட்டது, ஆனால் அவள் அதை இன்னும் வைத்திருக்கிறாள். பேசும்போது கையில் பிடித்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன், என்ன காரணம் என்று சொல்லவில்லை.

தமிழ்ப் பகுதியைப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். விதி, ஊழ் எதுவும் அதில் இல்லை. கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அந்த முதல் ரயிலை ஒரு நிமிஷம் முன்னால எடுத்தானே, அவன் நல்லா இருக்கணும்” என்றார்.

பேச்சின் கடைசி வரி எனக்கு இன்னும் கிடைக்காமல் இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.